பந்து கைமாறும் விளையாட்டு: நீங்களே நடத்துவது எப்படி?

10 பேர், 20 பந்து, ஒரு டைமர். சேர்ந்து உழைக்கவும், செய்ததைச் சுற்றுக்குச் சுற்று திருத்திக்கொள்ளவும் பழக்க இதைவிட எளிய விளையாட்டை நான் பார்த்ததில்லை. ஸ்க்ரம் பயிற்சியாளர் போரிஸ் குளோகர் உருவாக்கியது. ஸ்க்ரம் என்பது குழுவாகச் சேர்ந்து, வேலையைச் சின்னச் சின்னச் சுற்றுகளாகப் பிரித்துச் செய்யும் முறை. அதன் பயிற்சிகளில் இதை அடிக்கடி ஆடுவார்கள். அரை மணி நேரம் ஒதுக்குங்கள், போதும்.

டென்னிஸ் பந்து இல்லையென்றால் காகிதத்தைக் கசக்கி உருட்டிக்கொள்ளலாம். பந்துகளைப் போட்டுவைக்க ஒரு பக்கெட், எல்லோருக்கும் தெரிகிற மாதிரி ஒரு பலகை.

விதிகளைப் பலகையில் எழுதிவிடுங்கள், நடுவில் கட்டாயம் சந்தேகம் வரும்:

- ஒவ்வொரு பந்தும் எல்லோர் கையிலும் பட வேண்டும்.
- கைமாறும்போது கொஞ்சமாவது காற்றில் இருக்க வேண்டும்.
- பக்கத்தில் நிற்பவருக்குக் கொடுக்கக் கூடாது.
- தொடங்கியவரிடமே திரும்பி வந்தால்தான் 1 புள்ளி. கீழே விழுந்த பந்து கணக்கில் இல்லை.

திட்டம் போட 2 நிமிடம் கொடுங்கள். அப்புறம், "எத்தனை பந்து முடிப்பீர்கள்?" என்று கேட்டு அந்த எண்ணை எழுதுங்கள். ஆட்டம் 2 நிமிடம். கிடைத்த புள்ளியைப் பக்கத்திலேயே எழுதி, கூடிப் பேச 1 நிமிடம் கொடுங்கள். மறுபடி கணிப்பு, மறுபடி ஆட்டம். இப்படி 5 சுற்று.

முதல் சுற்றில் பெரும்பாலும் வட்டமாக நின்று எதிரில் இருப்பவருக்கு வீசுவார்கள். பந்து விரலில் பட்டு எகிறி மூலைக்கு ஓடும், இரண்டு பேர் அதன் பின்னால் ஓடுவார்கள். அடுத்த பேச்சில் யாராவது, "ஏன் வீசணும்? மேலேயிருந்து கையில் போட்டால் என்ன?" என்பார். இரண்டு வரிசையாக எதிரெதிரே வந்துவிடுவார்கள். குவித்த உள்ளங்கைகளுக்கு நடுவே ஒரு சாண்தான் இடைவெளி. பந்து இப்படியும் அப்படியுமாக இறங்கிக்கொண்டே போகும். ஆனால் கடைசி ஆளுக்குத் தொடங்கியவர் எட்ட மாட்டார்! வரிசையை வளைத்தால் சரியாகிவிடும். அதை நீங்கள் சொல்லாதீர்கள். அவர்களே கண்டுபிடிக்கும்போது முகத்தில் வரும் வெளிச்சத்துக்காகத்தான் இந்த விளையாட்டே.

அந்த 1 நிமிடப் பேச்சை எக்காரணம் கொண்டும் விட்டுவிடாதீர்கள். நேரமாகிவிட்டதென்றால் ஒரு சுற்றையே குறையுங்கள், பேச்சைக் குறைக்க வேண்டாம். ஒரு சுற்றுக்கு ஒரு மாற்றம் மட்டும் செய்யச் சொல்லுங்கள். மூன்றை ஒன்றாக மாற்றினால் எது பலன் தந்தது என்றே தெரியாது. பேசாமல் நிற்பவரிடம், "உங்களுக்கு என்ன தோன்றுகிறது?" என்று கேளுங்கள். பந்து எங்கே தேங்குகிறது என்பதை அவர்தான் கவனித்திருப்பார்.

புது முறைக்கு மாறிய சுற்றில் புள்ளி குறையலாம். கை பழக வேண்டுமே! இன்னொரு சுற்று அதே முறையில் ஆடிப் பார்க்கச் சொல்லுங்கள்.

5 சுற்றும் முடிந்ததும் பலகை முன்னால் எல்லோரையும் உட்காரவையுங்கள். கணிப்பு ஒரு பக்கம், கிடைத்தது ஒரு பக்கம். எந்த மாற்றத்தில் எண் ஏறியது என்று அவர்களே சொல்லட்டும். அப்புறம் ஒரே ஒரு கேள்வி: "நம் அன்றாட வேலையில் இந்தப் பந்து யார் கையில் தேங்கி நிற்கிறது, அதை எடுத்துவிட நாளைக்கு எதை மாற்றிப் பார்க்கலாம்?"