மூன்று மொழி பேசும் படத்துக்குத் தமிழ் வசனம் எழுதுவது எப்படி?

கூட்டுத் தயாரிப்பாக வரும் ஆக்‌ஷன் காமெடிப் படங்களுக்கு டப்பிங் வசனம் எழுதும்போது சண்டையும் சேஸிங்கும் பெரிதாகப் படுத்தாது. ஒரே காட்சியில் ஆளுக்கொரு மொழி பேசுவார்கள் பாருங்கள், அங்கேதான் மாட்டிக்கொள்வோம். 2017-இல் வந்த 'குங்ஃபூ யோகா'வை எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்டான்லி டாங் இயக்கிய சீன-இந்தியக் கூட்டுத் தயாரிப்பு; ஜாக்கி சான் தொல்லியல் பேராசிரியர். மாண்டரின், ஆங்கிலம், இந்தி மூன்றும் அதில் உண்டு. இப்படியொரு படத்தில் எல்லாவற்றையும் தமிழாக்கினால், புரியாமல் முழிக்கிற காமெடி செத்துவிடும்.

என் முதல் படத்தில் அதைத்தான் செய்தேன். ஹீரோ தமிழில் ஒன்று சொல்ல, மொழிபெயர்ப்பாளரும் அதையே தமிழில் திருப்பிச் சொன்னார். சவுண்ட் இன்ஜினியர், "எதிர்ல நிக்கிறவருக்குக் காது கேக்காதா சார்?" என்றார்.

அதனால் முதலில் பேப்பரே இல்லாமல் படத்தை முழுசாகப் பாருங்கள். அப்புறம் வசனப் பட்டியலில், யார் பேசுவது யாருக்குப் புரியக் கூடாது என்று குறியுங்கள். ஹீரோ பேசுவது எப்போதும் தமிழ். அவருக்குப் புரியாத மொழியை அப்படியே விட்டுவிடுங்கள். இரண்டும் பேசுகிற மொழிபெயர்ப்பாளருக்கு ஒரே குரல்தான் இருக்க வேண்டும், ஆகவே அந்த மொழி வரிகளையும் நம் டப்பிங் ஆர்ட்டிஸ்ட்தான் பேசியாக வேண்டும். அவற்றைத் தமிழ் எழுத்திலேயே எழுதிக் கொடுப்பேன். 'காகம்' என்பதில் வரும் முதல் 'கா'வும் அடுத்த 'க'வும் ஒரே ஒலி இல்லையே; அழுத்த வேண்டிய எழுத்தின் மேல் சின்னக் கோடு போடுவேன்.

அடுத்தது உதடு. ஆங்கிலத்தில் "ஸ்டாப்!" என்று கத்தினால் கடைசியில் வாய் மூடும். "நில்லு!" என்று எழுதினால் வாய் திறந்தே நிற்கும். "வேணாம்!" பொருந்தும். ஆனால் பேச்சில் அந்தக் கடைசி 'ம்' மூக்கிலேயே கரைந்துவிடும், உதட்டை மூடிச் சொல்லுங்கள் என்று ஆர்ட்டிஸ்டிடம் கேட்டு வாங்க வேண்டும். க்ளோசப்பில் மட்டும் இவ்வளவு கறார் போதும். முதுகு காட்டிப் பேசுகிற ஷாட் நமக்கு வரம், விட்டுப்போன தகவலையெல்லாம் அங்கே திணித்துவிடலாம்.

நகைச்சுவைக்கு வார்த்தை வரிசைதான் உயிர். அந்தப் படத்தில் துபாய்க் கார் சேஸிங்கில் பின் சீட்டில் ஒரு சிங்கம் இருக்கும். அப்படி ஒரு காட்சிக்கு "சிங்கம் பின்னாடி உட்கார்ந்திருக்கு" என்று எழுதினால், எதிராளி முகம் மாறும்போது நாம் இன்னும் 'உட்கார்ந்து'கொண்டிருப்போம். "பின்னாடி உட்கார்ந்திருக்கிறது... சிங்கம்!" என்றால் கட் சரியாக விழும்.

நீ, நீங்க விஷயத்தை முதல் நாளே முடிவு செய்துவிடுங்கள். ஆங்கிலம் இதில் உதவாது. இந்தி வரி இருந்தால் அதைப் பார்த்துப் பிடித்துக்கொள்ளலாம். ஊரே சொல்லித் தேய்ந்த காமெடி வரிகளைச் செருகும் ஆசை வரும். எனக்கு அது பிடிக்காது, சீனத்து ஆள் வாயில் கேட்டால் படமே கழன்றுவிடும்.

அடி, உதை, முனகலையெல்லாம் தனிப் பட்டியலாக எழுதிக் கடைசியில் எடுங்கள். காலையிலேயே எடுத்தால், மாலைக் காதல் காட்சியில் ஹீரோ தொண்டை கட்டிக்கொண்டு பேசுவார்.