அனுப்பிய பிறகு திருத்த முடியாது: கிரிப்டோவில் புதியவர்கள் செய்யும் தவறுகள்

பிட்காயினின் முதல் பிளாக் (பரிவர்த்தனைகளின் தொகுப்பு) 2009 ஜனவரி 3 அன்று உருவானது. அதன் குறியாக்கக் கணக்கை உடைத்து ஒருவர் காசை இன்னொருவர் எடுத்ததாக இன்றுவரை பதிவில்லை. ஆனாலும் தினமும் யாரோ ஒருவர் பணத்தை இழக்கிறார். பெரும்பாலும் அது அவரே அழுத்திய ஒரு பட்டனால் போகிறது. பதிவான பரிவர்த்தனையைத் திருப்பித் தர வங்கி மேலாளர் மாதிரி இங்கே யாரும் கிடையாது. ஆகவே கவனமெல்லாம் அழுத்துவதற்கு முன்னாலேயே இருக்க வேண்டும்.

வாலட்டுக்குள் என்ன இருக்கிறது?

காயின்களைக் கையாளும் ஆப்பான வாலட்டுக்குள்ளேயே அவை இருப்பதாக நினைப்பதிலிருந்தே பல குழப்பங்கள் தொடங்குகின்றன. யாரிடம் எவ்வளவு என்ற கணக்கு, உலகெங்கும் ஓடும் ஆயிரக்கணக்கான நோட்களில் (கணினிகளில்) உள்ள பேரேட்டில் இருக்கிறது. வாலட்டில் இருப்பது அந்தக் கணக்கை இயக்கும் பிரைவேட் கீ என்ற ரகசிய எண் மட்டுமே. போன் தண்ணீரில் விழுந்தாலும் ஆப்பை நீக்கினாலும் காயின் போகாது. வாலட் உருவாக்கும்போது கிடைக்கும் 12 அல்லது 24 மீட்புச் சொற்கள் கையில் இருந்தால் வேறு போனில் திறந்துகொள்ளலாம். அந்தச் சொற்கள் வேறொருவர் கைக்குப் போனால் உங்கள் போனைத் தொடாமலே எல்லாவற்றையும் எடுத்துவிடுவார்.

இந்தச் சொற்கள் 2048 சொற்கள் கொண்ட ஒரு நிலையான பட்டியலிலிருந்து வருபவை. கடைசிச் சொல்லுக்குள் ஒரு சரிபார்ப்புக் கணக்கு ஒளிந்திருப்பதால், ஒரு சொல்லைத் தவறாக எழுதினால் வாலட் பெரும்பாலும் 'செல்லாது' என்று சொல்லிவிடும். ஆனால் எப்போதும் அல்ல. 12 சொற்களில் சுமார் 16-க்கு ஒரு முறை தவறான வரிசையும் செல்லுபடியாகி, ஒரு காலி வாலட் திறக்கும். சொற்களோடு சேரும் கூடுதல் கடவுச்சொல் வைத்திருந்தால் இன்னும் மோசம். அதில் ஓர் எழுத்து மாறினாலும் எந்த எச்சரிக்கையும் வராது, புதிதாக ஒரு காலி வாலட் வந்து நிற்கும்.

அதனால் ஒத்திகை பார்க்காமல் பணம் போடாதீர்கள். வாலட்டை உருவாக்கி, சொற்களைத் தாளில் எழுதி, முதல் முகவரியை (பணம் பெறுவதற்கான எழுத்து-எண் வரிசை) குறித்துவைத்துக்கொள்ளுங்கள். வாலட் காலியாக இருக்கும்போதே அதை முழுவதுமாக அழித்து, தாளைப் பார்த்து மீட்டெடுங்கள். அதே முகவரி வந்தால்தான் தாளில் இருப்பது சரி. ஸ்கிரீன்ஷாட் மட்டும் வேண்டாம். அது தானாகவே கிளவுட் சேமிப்புக்குப் போய்விடலாம்.

காயின் வாங்கி விற்கும் தளமான எக்ஸ்சேஞ்சில் தெரியும் இருப்பு வேறு ரகம். அங்கே கீ அவர்களிடம் இருக்கிறது, உங்களிடம் இருப்பது 'தருவேன்' என்ற வாக்குறுதிதான். 2014-இல் மவுண்ட் காக்ஸ் என்ற எக்ஸ்சேஞ்ச் திவாலானபோது சுமார் 8,50,000 பிட்காயின் காணவில்லை என்று அறிவித்தது. 2022 நவம்பரில் எஃப்டிஎக்ஸ் எக்ஸ்சேஞ்சும் விழுந்தது. வாங்கவும் விற்கவும் எக்ஸ்சேஞ்ச் வேண்டும்தான், அதற்காக எல்லாவற்றையும் அங்கேயே விட்டுவைக்க வேண்டியதில்லை.

தவறான நெட்வொர்க்

டாலர் மதிப்பை ஒட்டி நிற்கும் யுஎஸ்டிடி ஒரே பெயரில் எதீரியத்திலும் இருக்கிறது, ட்ரானிலும் இருக்கிறது, வேறு பல நெட்வொர்க்குகளிலும் இருக்கிறது. ஒவ்வொன்றும் தனிப் பேரேடு. ட்ரான் முகவரியின் அமைப்பே வேறு என்பதால் அங்கே மாற்றிப் போட்டால் வாலட் தடுத்துவிடும். எதீரியம், பிஎன்பி செயின், பாலிகான் மூன்றிலும் முகவரி ஒரே வடிவம் என்பதால் தவறான நெட்வொர்க்கைத் தேர்ந்தெடுத்தாலும் திரை ஒன்றும் சொல்லாது. போய்ச் சேர்ந்தது உங்கள் சொந்த வாலட் என்றால் பதற வேண்டாம், அந்த நெட்வொர்க்கைச் சேர்த்துப் பார்த்தால் பணம் அங்கே இருக்கும். எக்ஸ்சேஞ்ச் முகவரிக்குப் போயிருந்தால் கீ அவர்களிடம். எடுத்துக் கொடுப்பது அவர்கள் மனசு.

எக்ஸ்ஆர்பி, ஸ்டெல்லார் போன்றவற்றில் பல எக்ஸ்சேஞ்சுகள் எல்லா வாடிக்கையாளர்களுக்கும் ஒரே முகவரியைத் தருகின்றன. உங்களைப் பிரித்துக் காட்டுவது கூடவே தரும் டேக் அல்லது மெமோ எண். அதை விட்டுவிட்டால் பணம் போய்ச் சேரும், உங்கள் கணக்கில் மட்டும் ஏறாது.

கட்டணத்தையும் மறக்கிறார்கள். எதீரியத்தில் யுஎஸ்டிடி போன்ற எந்த டோக்கனை நகர்த்தினாலும் கேஸ் எனப்படும் பரிவர்த்தனைக் கட்டணம் அதன் சொந்தக் காயினான ஈத்தரில்தான். வாலட்டில் யுஎஸ்டிடி மட்டும் இருந்து ஈத்தர் துளிகூட இல்லையென்றால் அது அங்கேயே கிடக்கும். இந்த விதியை வைத்தே ஒரு மோசடி நடக்கிறது. தெரியாமல் போட்டதுபோல ஒருவர் தன் மீட்புச் சொற்களைப் பொதுவெளியில் போடுவார். திறந்தால் உள்ளே டோக்கன் இருக்கும், கேஸ் இருக்காது. ஆசைப்பட்டு நீங்கள் கேஸ் அனுப்பிய நொடியே பாட் எனப்படும் தானியங்கி நிரல் அதை உருவிக்கொள்ளும்.

புதிய முகவரிக்கு முதலில் சிறு தொகை அனுப்புங்கள். அது சேர்ந்தால் மட்டும் போதாது, அங்கிருந்து வெளியே அனுப்பவும் முடிகிறதா பாருங்கள். பிறகு மீதியை அனுப்பலாம்.

நஞ்சு வைத்த வரலாறு

அடிக்கடி அனுப்பும் முகவரியைப் பழைய பரிவர்த்தனைப் பட்டியலிலிருந்து காப்பி செய்யும் பழக்கம் பலருக்கு உண்டு. மோசடிக்காரர்கள் அதற்காகவே காத்திருக்கிறார்கள். வாலட் திரை முகவரியின் முன்பக்கம் சில எழுத்துகளையும் பின்பக்கம் சில எழுத்துகளையும் மட்டுமே காட்டும். முன்னால் நான்கு, பின்னால் நான்கு ஒத்துப்போகும் முகவரியை உருவாக்க சராசரியாக 429 கோடி முறை முயல வேண்டும். கேட்க மலைப்பாக இருக்கும், ஆனால் நல்ல கிராஃபிக்ஸ் கார்டுக்கு அது சில நிமிட வேலை. அப்படி உருவாக்கிய முகவரிக்கு உங்கள் பெயரில் பூஜ்யம் தொகையை 'அனுப்பியதாக' ஒரு பதிவை உண்டாக்கிவிடுவார்கள். டோக்கனை இயக்கும் நிரலான ஒப்பந்தத்தின் விதிப்படி பூஜ்யம் தொகையை நகர்த்த உங்கள் அனுமதி தேவையில்லை. நீங்களே முன்பு அனுப்பிய வரிபோலவே அது பட்டியலில் உட்கார்ந்திருக்கும். முகவரியை எப்போதும் பெறுநரிடமிருந்தோ நீங்கள் சேமித்த முகவரிப் புத்தகத்திலிருந்தோ எடுங்கள். நடு எழுத்துகளையும் ஒப்பிடுங்கள்.

படிக்காமல் போடும் கையொப்பம்

ஒரு டோக்கனை வேறொன்றாக மாற்றும் தளங்களில் முதலில் 'அப்ரூவ்' கேட்கும். இந்த ஒப்பந்தம் என் டோக்கனில் இவ்வளவு வரை எடுத்துக்கொள்ளலாம் என்று நீங்கள் தரும் அனுமதி அது. பல தளங்கள் வசதிக்காக வரம்பில்லாத அளவைக் கேட்கும். சம்மதித்தால் அது கையெழுத்திட்ட வெற்றுக் காசோலை. ஆறு மாதம் கழித்து அந்த ஒப்பந்தத்தில் ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டால், அன்றைக்கு உங்களிடம் இருக்கும் அந்த டோக்கன் முழுவதும் போகலாம். கீயைத் தனிக் கருவியில் வைக்கும் ஹார்டுவேர் வாலட்கூட இதைத் தடுக்காது, அனுமதி கொடுத்தது நீங்கள்தானே. தேவையான எண்ணை மட்டும் கையால் அடித்து அனுமதியுங்கள்.

தளத்திலிருந்து 'டிஸ்கனெக்ட்' செய்வதால் அனுமதி ரத்தாகாது. ரத்து செய்வது தனிப் பரிவர்த்தனை, அதற்குத் தனிக் கேஸ். 'கேஸ் கேட்கவில்லை, வெறும் கையொப்பம்தானே' என்ற நிம்மதியும் தவறு. 'பர்மிட்' வகைக் கையொப்பத்துக்கு உங்களிடம் கட்டணம் வாங்கமாட்டார்கள், ஆனால் அதை வைத்துக்கொண்டு டோக்கனை எடுக்க முடியும்.

மலிவு என்ற மாயை

ஒரு காயினின் விலை சின்னதாக இருப்பதாலேயே அது மலிவு ஆகாது. ஷிபா இனு என்ற காயினில் புழக்கத்தில் இருப்பது சுமார் 589 லட்சம் கோடி டோக்கன். அது ஒரு டாலரைத் தொட்டால் அதன் மொத்த மதிப்பு உலகப் பொருளாதாரத்தின் ஓராண்டு உற்பத்தியைவிடப் பல மடங்கு ஆகிவிடும். விலையைப் புழக்க எண்ணிக்கையால் பெருக்கிப் பாருங்கள், பல கனவுகள் அந்த ஒரு வரியிலேயே கலைந்துவிடும். டாலர் மதிப்பிலேயே நிற்பதாகச் சொல்லும் காயின்களின் 'ஸ்டேபிள்' என்ற பெயரையும் நம்பிவிட வேண்டாம், 2022 மே மாதம் டெர்ராயுஎஸ்டி ஒரு டாலரிலிருந்து சில நாட்களில் சரிந்தது.

யாருக்கும் தெரியாது என்ற நினைப்பும் அப்படித்தான். பெயர் இல்லாவிட்டாலும் ஒவ்வொரு நகர்வும் பேரேட்டில் திறந்தே கிடக்கிறது. 2016-இல் பிட்ஃபினெக்ஸ் எக்ஸ்சேஞ்சில் திருடுபோன பிட்காயினைத் தடம் பிடித்து, 2022-இல் அமெரிக்க அதிகாரிகள் சுமார் 94,000 பிட்காயினைக் கைப்பற்றினார்கள்.

மீட்புச் சொற்கள் கசிந்துவிட்டதாகச் சந்தேகம் வந்தால் ஆப்பின் கடவுச்சொல்லை மாற்றிப் பயனில்லை. அந்தச் சொற்களை மாற்றவே முடியாது. உடனே புதிய சொற்களுடன் வேறு வாலட் உருவாக்கி, மதிப்பு அதிகமானதை முதலில் அங்கே நகர்த்துங்கள். கேஸுக்கான காயினைக் கடைசியில் அனுப்புங்கள். அதை முதலிலேயே காலி செய்தால் மற்ற டோக்கன்களை நகர்த்த வழியிருக்காது. பணம் போன பிறகு 'மீட்டுத் தருகிறோம், முன்பணம் அனுப்புங்கள்' என்று வரும் செய்திக்குப் பதிலே போடாதீர்கள்.