கால் முளைத்த கதையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

குளம் வற்றியது. மீன் துடுப்பை ஊன்றி அடுத்த குளத்தைத் தேடி நகர்ந்தது. நகர்ந்து நகர்ந்து துடுப்பு காலாகிவிட்டது. முதுகெலும்பிகள் கரையேறிய கதையை நம்மில் பலர் இப்படித்தான் கேட்டிருப்போம். அமெரிக்கத் தொல்லுயிரியலாளர் ஆல்ஃபிரட் ரோமர் முன்வைத்துப் பரவிய கருத்து இது. கேட்க அழகாகத்தான் இருக்கிறது, புதைபடிவங்கள்தான் ஒத்துழைக்கவில்லை.

கால் வந்ததே நடக்கத்தான் என்று நினைப்பதுதான் பெரிய தவறு. மற்ற தவறுகளில் பாதி இதன் பிள்ளைகள். அகாந்தோஸ்டெகா என்ற விலங்கைப் பாருங்கள். சுமார் 36.5 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தது, நீளம் ஏறக்குறைய 60 செ.மீ. 1987-ல் தொல்லுயிரியலாளர் ஜென்னி கிளாக்கின் குழு கிழக்கு கிரீன்லாந்திலிருந்து இதன் படிவங்களைக் கொண்டுவந்தது. நான்கு காலும் உண்டு, விரலும் உண்டு. ஆனால் முழங்கை சரியாக மடங்காது, மணிக்கட்டில் வலு இல்லை. விலா எலும்புகளோ குட்டை, தரையில் நெஞ்சைத் தாங்கப் போதாது. வாலில் மீனுக்குரிய துடுப்பு. செவுள் எலும்புகளில் ரத்தக்குழாய் ஓடிய பள்ளங்கள்கூடத் தெரிகின்றன. ஆக, தண்ணீரிலேயே காலம் தள்ளிய பிராணி. ஆழமில்லாத, செடிகொடி மண்டிய நீரில் துழாவிப் போக அந்தக் கால் உதவியிருக்கலாம். தரையில் நடப்பதெல்லாம் அப்புறம் வந்த வேலை.

அதே கையை இன்னொரு முறை எண்ணிப் பாருங்கள்: எட்டு விரல்! ஐந்துதான் ஆதி எண்ணிக்கை என்று நாம் நினைத்துக்கொண்டிருந்தது 1990 வாக்கில் உடைந்தது. இன்னொரு பழைய விலங்கான இக்தியோஸ்டெகாவின் பின்காலில் ஏழு, ரஷ்யாவில் கிடைத்த துலர்பெட்டானுக்கு ஆறு. ஐந்து என்பது பிற்பாடு நிலைத்த கணக்கு.

டிக்டாலிக் என்ற பழங்கால மீனை நம் கொள்ளுத்தாத்தா ஆக்குவதும் வேண்டாம். கனடாவின் எல்ஸ்மியர் தீவில் 2004-ல் கிடைத்து, 2006-ல் உலகுக்கு அறிமுகமானது. வயது சுமார் 37.5 கோடி ஆண்டுகள். இதில் எனக்குப் பிடித்தது கழுத்து. சந்தையில் மீன் வாங்கும்போது செவுள் மூடியைத் தூக்கிப் பார்க்கிறோம் அல்லவா? அந்த மூடி எலும்பும், தலையைத் தோளோடு பிணைக்கும் எலும்புகளும் இருப்பதால்தான் மீனால் தலையை மட்டும் திருப்ப முடிவதில்லை. டிக்டாலிக்கில் அவை இல்லை, தலை தனியே திரும்பும். துடுப்புக்குள் மேற்கை எலும்பு ஒன்று, முன்கை எலும்பு இரண்டு, மணிக்கட்டுச் சாயலும் உண்டு. சரி, அப்படியானால் தாத்தாதானே? அங்கேதான் சிக்கல். போலந்தின் ஸாகெல்மியே கல்குவாரியில், ஏறக்குறைய 39 கோடி ஆண்டு பழைய பாறையில், காலடித் தடங்கள் இருப்பதாக 2010-ல் அறிவித்தார்கள். அவை கால் பதிந்தவைதானா என்று இன்னும் வாதிடுகிறார்கள். ஆமென்றால், டிக்டாலிக்குக்கு முன்பே யாரோ நடந்துவிட்டார்கள். டிக்டாலிக்கைப் பெரியப்பா முறையில் வைப்பதே பாதுகாப்பு.

நுரையீரல் கரைக்கு வந்த பிறகு உண்டானது என்பதும் பிசகு. அது மீன்களிடமே இருந்த பழைய உறுப்பு. பெரும்பாலான மீன்களின் காற்றுப்பை அதிலிருந்து வந்ததுதான்.

நம் ஊர்ப் பனையேறிக் கெண்டையைக் காட்டி ‘இதோ இடைநிலை உயிரி’ என்பவர்களும் உண்டு. டேனியர் வசமிருந்த தரங்கம்பாடியில் அது பனையில் ஏறியதைப் பார்த்ததாக டால்டார்ஃப் என்ற அதிகாரி எழுதி, 1797-ல் அச்சானது. மீன் சுவாரசியமானதுதான், ஆனால் உறவு தூரம். பனையேறியும் சேற்றில் துள்ளும் உளுவை வகைகளும் வேறு கிளை. நம் கிளையிலிருந்து 40 கோடி ஆண்டுகளுக்கு முன்பே பிரிந்தவை, காற்றைச் சுவாசிக்கத் தனி வழி கண்டவை. இன்றுள்ள மீன்களில் நமக்கு மிக நெருங்கியது நுரையீரல் மீன். 1938-ல் தென்னாப்பிரிக்காவில் சிக்கிப் புகழ்பெற்ற சீலகாந்த்துக்குக்கூட அடுத்த இடம்தான்.

கடைசியாக, பெயர். கால் முளைத்த இந்த வம்சத்தை ஆங்கிலத்தில் ‘டெட்ராபாட்’ என்பார்கள். ‘நாற்காலி’ என்றால் உட்காரத்தான் தோன்றும் என்பதால் நாற்கால் உயிரி என்கிறேன். அதையும் கால் எண்ணும் வேலையாக எடுத்துக்கொள்ளக் கூடாது, அது வம்சாவளிப் பெயர். திமிங்கலம் அதில் சேர்த்தி, பாம்பும் சேர்த்தி. மலைப்பாம்பின் கழிவுத்துளைக்கு இருபுறமும் நகம்போலச் சிறு முள் ஒன்று துருத்திக்கொண்டிருக்கும். பின்காலில் வெளியே தெரிய மிஞ்சியது அவ்வளவுதான்.