எல்இடி சுவரில் ஓரம் மங்குகிறதா? 5 வோல்ட் ஒயரிங்கைச் சரியாகப் போடும் முறை

முழு வெள்ளை போட்டதும் போர்டின் ஒரு ஓரம் மட்டும் பழுப்பேறித் தெரிந்தால், உடனே பெரிய எஸ்எம்பிஎஸ் (230 வோல்ட்டை 5 வோல்ட்டாக்கும் பவர் சப்ளை) வாங்கக் கிளம்ப வேண்டாம். பெரும்பாலும் குறை ஒயரில்தான் இருக்கும். 230 வோல்ட் லைனில் அரை வோல்ட் போனால் யாருக்கும் தெரியாது. 5 வோல்ட்டில் அதே அரை வோல்ட் போனால் பத்தில் ஒரு பங்கே போய்விட்டது.

மங்கும் விதத்தைப் பார்த்தே பாதி கண்டுபிடித்துவிடலாம். ஒற்றை நிற பி10 பேனலில் (புள்ளிக்குப் புள்ளி 10 மி.மீ. இடைவெளி; பி5 என்றால் 5 மி.மீ.) எல்இடிக்கு முன்னால் இருப்பது வெறும் ரெசிஸ்டர். சிவப்பு எல்இடி சுமார் 2 வோல்ட் எடுத்தது போக மீதி 3 வோல்ட்தான் கரண்டைத் தீர்மானிக்கிறது. பேனலுக்கு 4.4 வோல்ட் வந்தால் அந்த 3 வோல்ட் 2.4 ஆகிவிடும், வெளிச்சத்தில் ஐந்தில் ஒரு பங்கு காலி. ஓடும் எழுத்து கடைசிப் பேனலுக்குப் போகப் போக மங்குவது இதனால்தான். பி5 போன்ற முழு வண்ணப் பேனலில் இருப்பது கான்ஸ்டன்ட் கரண்ட் ஐசி, அதாவது எல்இடிக்குப் போகும் கரண்டை மாறாமல் வைத்திருக்கும் சிப். வோல்ட் கொஞ்சம் இறங்கினால் அது சமாளித்துக்கொள்ளும், எல்லை தாண்டினால் திடீரென்று கைவிடும். நீலத்துக்கும் பச்சைக்கும் சுமார் 3 வோல்ட் வேண்டும் என்பதால் அவைதான் முதலில் விழும். அதனால்தான் வெள்ளை, மஞ்சளும் சிவப்புமாகத் திரிகிறது.

கடை முகப்புக்கு 8 பேனல் அகலம், 3 பேனல் உயரம் என்று 24 பி5 பேனல் வைப்பதாகக் கொள்வோம். ஒரு பேனல் முழு வெள்ளையில் 4 ஆம்ப் எடுக்கிறது என்று வைத்துக் கணக்குப் போடுவோம் (உங்கள் பேனலுக்கு கிளாம்ப் மீட்டரை டிசியில் வைத்து அளந்துகொள்ளுங்கள்). ஒரு வரிசையின் 8 பேனலையும் 1 சதுர மி.மீ. ஒயரால் ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தொடராக இழுத்தால் என்ன ஆகும்? பேனல் அகலம் 32 செ.மீ.; போக வர 64 செ.மீ. ஒயர், அதாவது சுமார் 11 மில்லி ஓம். முதல் துண்டில் 32 ஆம்ப், அடுத்ததில் 28, அப்படியே குறைந்து கடைசியில் 4. எல்லாவற்றையும் கூட்டினால் 1.58 வோல்ட் இறக்கம்! நிஜத்தில் அவ்வளவு இறங்கும் முன்பே பேனல் மங்கி, எடுக்கும் ஆம்ப்பும் குறைந்துவிடும். அதே ஒயரில் வரிசையின் நடுவிலிருந்து இருபக்கமும் நான்கு நான்காகப் பிரித்தால் இறக்கம் 0.44. இரண்டிரண்டு பேனலுக்குத் தனி ஒயர் கொடுத்தால் 0.13.

ஆகவே சுவரை இரண்டு பேனல் அகலம், மூன்று உயரம் என்று நான்கு கட்டமாகப் பிரியுங்கள். ஒவ்வொரு கட்டத்தின் நடுவுக்குப் பின்னால் ஒரு 5 வோல்ட் 40 ஆம்ப் எஸ்எம்பிஎஸ். ஆறு பேனலுக்கு 24 ஆம்ப், அறுபது சதவீத லோடு. வெயிலில் மூடிய பெட்டிக்குள் இருக்கும் சப்ளைக்கு அந்த இடைவெளி அவசியம். இந்த வகையில் பெரும்பாலும் பிளஸ் மூன்று, மைனஸ் மூன்று டெர்மினல் இருக்கும். இரண்டு பேனலுக்கு ஒரு கேபிள் என்று மூன்று கேபிள், ஆளுக்கு ஒரு ஜோடி டெர்மினல். கணக்கு கச்சிதமாக வரும். கேபிள் 1.5 சதுர மி.மீ., நீளம் அரை மீட்டருக்குள். 8 ஆம்ப் ஓடும்போது 0.1 வோல்ட்தான் போகும்.

ஒயரின் ஒரு இழையை பிளேடால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாக இருந்தால் அலுமினியத்தின் மேல் செம்புப் பூச்சு. அதன் தடை சுத்தச் செம்பைப் போல ஒன்றரை மடங்குக்கு மேல். முனையைச் சும்மா முறுக்கித் திருகாமல் லக் (ஒயர் முனைக்கான உலோக மாட்டி) போட்டு, அழுத்தும் கருவியால் கிரிம்ப் செய்யுங்கள்.

நான்கு சப்ளையின் மைனஸையும் தடித்த ஒயரால் ஒன்றோடொன்று இணையுங்கள். பிளஸை இணைக்கவே கூடாது. வோல்ட் சற்றுக் கூடுதலான சப்ளை ஒன்றே லோடு முழுவதையும் சுமக்கப் பார்க்கும். மைனஸ் இணைப்பு சரியாக இல்லையென்றால், அதன் வழியே திரும்ப வேண்டிய கரண்ட் டேட்டா ரிப்பன் கேபிளின் மெல்லிய கிரவுண்டு வழியே ஓடும். ரிப்பன் சூடாகும், புள்ளிகள் சிமிட்டும். படத்தை அனுப்பும் கண்ட்ரோல் கார்டு போய்விட்டது என்று நினைத்துக் கார்டை மாற்றுவார்கள்.

மின்சாரம் கொடுக்கும் முன் சப்ளையின் பக்கவாட்டில் 115/230 சுவிட்ச் இருந்தால் 230-ல் இருக்கிறதா என்று பாருங்கள். பிளஸ் மைனஸ் மாறினாலும் பேனல் போய்விடும். பிறகு முழு வெள்ளை, முழு வெளிச்சத்தில் வைத்து, பேனலின் பவர் பின்னிலேயே அளக்க வேண்டும்; சப்ளை முனையில் காட்டும் 5.0 எதையும் சொல்லாது. எல்லாப் பேனலிலும் 4.8-க்கு மேல், பேனலுக்குப் பேனல் வித்தியாசம் 0.1-க்குள் இருந்தால் போதும். குறைந்தால் மீட்டரின் கறுப்பு முனையை சப்ளை மைனஸிலும் சிவப்பை அந்தப் பேனலின் மைனஸிலும் வையுங்கள். 0.1-க்கு மேல் காட்டினால் இறக்கம் மைனஸ் பக்கம். பிளஸையும் இதேபோல் பாருங்கள். சப்ளையில் உள்ள திருகைத் திருப்பி 5.1 வரை ஏற்றலாம். அதற்கு மேல் ஏற்றினால் அருகிலுள்ள பேனல் வீணாகச் சூடாகும், ஓரத்துக் குறையும் தீராது.

இதெல்லாம் சரியாக இருந்தும் ஒரு சதுரம் மட்டும் வேறு நிறமாகத் தெரிந்தால், அதைப் பக்கத்துப் பேனலோடு இடம் மாற்றுங்கள். குறை அதே இடத்தில் நின்றால் ஒயர். பேனலோடு நகர்ந்தால் அந்தப் பேனல் வேறு தயாரிப்புத் தொகுதியில் (பேட்ச்) வந்தது. ஒயரை எவ்வளவு தடித்ததாகப் போட்டாலும் மாறாது.