ஹெச்டியா, 4கேயா? கேம்கார்டர் வாங்கும்போது சறுக்கும் இடங்கள்

கல்யாண வீடியோ எடுக்கப் புதிதாக வருகிறவர்கள் கடையில் முதலில் கேட்பது "இது 4கேயாண்ணே?" என்பதுதான். 4கே என்றால் 1920×1080 ஹெச்டியைப்போல நான்கு மடங்கு பிக்சல், அதாவது படப்புள்ளி, கொண்ட வீடியோ. மூத்தவர்கள் விழுந்து எழுந்த அதே குழிக்குள் இவர்களும் போய் விழுகிறார்கள். லென்ஸ் மூடி, பேட்டரி சார்ஜ் எல்லாம் ஒருமுறை பட்டால் தானே படிந்துவிடும். அவை இங்கே வேண்டாம்.

4கே கேமராவில் பழைய மெமரி கார்டு

காசையும் பெயரையும் சேர்த்துக் கெடுப்பது இதுதான். கெட்டிமேளம் முழங்குகிறது, ஐயர் தாலியை எடுத்துக் கொடுக்கிறார், திரையில் கார்டு எச்சரிக்கை வந்து பதிவு நின்றுவிடுகிறது. மாப்பிள்ளையை மறுபடி கட்டச் சொல்ல முடியுமா?

கணக்கு எளிது. பல 4கே கேம்கார்டர்களில் உயர்தரப் பதிவு நொடிக்கு 100 மெகாபிட்; எட்டு பிட் ஒரு பைட் என்பதால் எட்டால் வகுத்தால் 12.5 மெகாபைட். கிளாஸ் 10 கார்டு உறுதி தரும் எழுதும் வேகமோ 10 மெகாபைட்தான். கார்டின் மேல் கொட்டை எழுத்தில் இருக்கும் 95, 100 எல்லாம் படிக்கும் வேகம். அதைக் காட்டித்தான் விற்கிறார்கள், அதை நம்பித்தான் வாங்குகிறார்கள். பார்க்க வேண்டியது யு எழுத்துக்குள் 3 அல்லது வி30 குறி: இரண்டும் குறைந்தது 30 மெகாபைட். கையில் கிளாஸ் 10 மட்டும் இருந்தால் 60 மெகாபிட்டுக்கு இறங்குங்கள், நொடிக்கு 7.5 மெகாபைட், தாங்கும்.

புதுக் கார்டைக் கேமராவிலேயே ஃபார்மேட் செய்து, உயர்தரத்தில் வைத்து, நிரம்பும்வரை வீட்டில் ஓடவிடுங்கள். பிறகு கணினியில் போட்டுக் கடைசிக் கோப்பைத் திறந்து பாருங்கள். 128 ஜிபி என்று ஒட்டிய போலிக் கார்டு அங்கேதான் மாட்டும்.

இடத்தையும் இதே கணக்கில் பாருங்கள். 100 மெகாபிட்டில் ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி. வரவேற்பும் முகூர்த்தமும் சேர்ந்து 6 மணி நேரம் என்றால் 270. இரண்டு காப்பி வைத்தால் 540. ஹெச்டியில் 24 மெகாபிட்டுக்கு அதே 6 மணி நேரம் 65 ஜிபிக்குள் அடங்கும். இருந்த பணத்தையெல்லாம் கேமராவில் போட்டவர், ஹார்டு டிஸ்க் வாங்க அட்வான்ஸ் கேட்டு நிற்கிறார்.

பிக்சல் நான்கு மடங்கு, வெளிச்சம் அதேதான்

வாங்கும்போது சென்சார், அதாவது லென்ஸுக்குப் பின்னால் வெளிச்சத்தைப் பிடிக்கும் சில்லு, எவ்வளவு பெரிது என்று கேளுங்கள். ஒரு அங்குல சென்சாரின் பரப்பு 1/2.5 அங்குலத்தைவிட நான்கு மடங்குக்கு மேல். சின்ன சென்சாரில் 4கே எடுத்தால் மங்கலான மண்டபத்தில் பட்டுப்புடவையின் கருநீலம் முழுக்கப் புள்ளி மொய்க்கும்.

50 பிரேம் வருகிறதா?

பல மாடல்களில் 4கே நொடிக்கு 25 பிரேமோடு, அதாவது 25 படத்தோடு, நின்றுவிடும். 50 வேண்டுமென்றால் ஹெச்டிக்கு இறங்க வேண்டும். 25-ல் எடுத்ததை ஸ்லோமோஷன் ஆக்கினால் பூத்தூவல் விட்டுவிட்டு விழும்.

டியூப்லைட் துடிப்பு

நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். டியூப்லைட் அதோடு சேர்ந்து துடிப்பது வீடியோவில் தெரியாமலிருக்க 25 பிரேம், ஷட்டர் 1/50 நொடி.

டிஜிட்டல் ஜூம்

அணைத்து வையுங்கள்.

4கேயில் எடுத்து 4கேயிலேயே கொடுப்பது

பெரும்பாலான வீடுகள் பென்டிரைவில் ஹெச்டிதான் கேட்கின்றன. ஒற்றைக் கேமராக்காரருக்கு 4கே உதவுவது எடிட்டிங்கில்: அகலமாக எடுத்த மணமேடைக் காட்சியிலிருந்து பாதி அகலத்தை வெட்டினாலும் 1920×1080 முழுசாகக் கிடைக்கும். அம்மா கண்ணைத் துடைப்பது தனி ஷாட்டாகிவிடும். பாதிக்கும் கீழே வெட்டினால் முகம் குழையும்.