பழைய கார் வாங்குகிறீர்களா? ஜூலையிலும் ஹீட்டரைப் போட்டுப் பாருங்கள்

டொராண்டோவுக்கு வந்ததும் லைசென்ஸ், இன்சூரன்ஸ் பற்றி ஆளாளுக்குச் சொல்லிவிடுவார்கள். ஊரில் வண்டி ஓட்டிய அனுபவத்துக்குச் சான்று வாங்கி வாருங்கள். வண்டி ரோட்டில் ஓடத் தகுதியானது என்று காட்டும் சேஃப்டி சான்றிதழ் 36 நாள்தான் செல்லும். அதற்கு மேல் நான் சொல்ல ஒன்றுமில்லை. நான் மாட்டிக்கொண்டது ஹீட்டரில்.

ஊர்ப்பழக்கம் விடுமா? கார் பார்க்கப் போனதும் ஏசியைப் போட்டுக் கையை நீட்டினேன். சில்லென்று வந்தது. காற்று மட்டும் கொஞ்சம் மந்தம். பழைய வண்டிதானே என்று பணத்தைக் கொடுத்துவிட்டேன்.

ஜனவரியில் மைனஸ் 20. 401 ஹைவேயில் போய்க்கொண்டிருக்கும்போது கண்ணாடி உள்பக்கம் பனி பூத்துவிட்டது. மனைவி துப்பட்டாவால் துடைத்துக்கொண்டே வந்தாள். மறுநாள் ஒரு மெக்கானிக்கிடம் போனேன். நம்மாள்தானே என்ற நம்பிக்கை. "ஹீட்டர் கோர் போச்சு அண்ணே" என்றார். கோர் என்பது டேஷ்போர்டுக்குள் இருந்து காற்றைச் சூடாக்கும் சின்ன ரேடியேட்டர். டேஷ்போர்டையே கழற்றி மாட்டி 1,100 டாலர் வாங்கினார். காற்று பழையபடி மந்தமாகவே வந்தது.

பக்கத்து வீட்டு யாழ்ப்பாணத்து ஐயா வந்து குளோவ் பாக்ஸைக் கழற்றி, பின்னாலிருந்த கேபின் ஃபில்டரை, அதாவது காருக்குள் வரும் காற்றை வடிகட்டும் ஃபில்டரை, உருவினார். கன்னங்கரேலென்று இருந்தது. அதன்மேல் மேப்பிள் சருகும், டிஷ்யூ பேப்பரைக் கடித்துத் துருவிக் கட்டிய எலிக்கூடும். "தம்பி, இதுக்கோ டேஷ்போர்டைக் கழட்டினவன்?" என்றார். புது ஃபில்டர் 25 டாலர், வேலை பத்து நிமிடம். நீங்கள் செய்தால் கையுறையும் மாஸ்க்கும் போட்டுக்கொள்ளுங்கள், எலிப் புழுக்கை நல்லதில்லை.

மெக்கானிக்கிடம் போகுமுன் ஒன்றை மட்டும் பிரித்துப் பாருங்கள்: வராதது காற்றா, சூடா?

சூடாக வருகிறது, ஆனால் மெல்ல வருகிறது என்றால் முதலில் ஃபில்டர். வைப்பருக்குக் கீழே, காற்று உள்ளே போகும் சல்லடையில் சருகும் பனியும் அடைத்திருக்கிறதா என்றும் பாருங்கள். ஃபேன் உச்ச வேகத்தில் மட்டும் சுற்றினால், பெரும்பாலும் ஃபேன் வேகத்தைக் குறைத்துக் கொடுக்கும் ரெசிஸ்டர்தான் போயிருக்கும்.

காற்று பலமாக, ஆனால் குளிராக வந்தால் கதை வேறு. இன்ஜின் ஆறியிருக்கும்போது கூலண்ட், அதாவது இன்ஜின் சூட்டை ஹீட்டருக்குக் கொண்டுவரும் திரவம், எவ்வளவு இருக்கிறது என்று பாருங்கள். சூட்டில் மூடியைத் திறக்கவே கூடாது. ஊரில் செய்வதுபோல் குழாய்த் தண்ணீரை ஊற்றி நிரப்பாதீர்கள், உறைந்தால் இன்ஜினே விரிசல் விட்டுவிடலாம். ஹைவேயில் ஓட்டும்போது இன்ஜின் சூட்டைக் காட்டும் முள் நடுவுக்கே ஏறாவிட்டால், பெரும்பாலும் கூலண்ட் ஓட்டத்தைத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட்தான் காரணம். ஹீட்டருக்குப் போகும் இரண்டு குழாயில் ஒன்று கொதித்து, மற்றது வெதுவெதுப்பாக இருந்தால் கோர் அடைத்திருக்கலாம். இரண்டும் சூடு என்றால் டேஷ்போர்டுக்குள் சூடான காற்றையும் குளிர்ந்த காற்றையும் கலக்கும் சின்னக் கதவு சிக்கியிருக்கலாம். அதை இயக்கும் மோட்டார் பல நேரம் டிக் டிக் என்று சத்தம் போட்டே காட்டிக்கொடுக்கும்.

அப்புறம், ஊரில் ஏசிக்காக உள்காற்றுப் பொத்தானை அமுக்கியே வைத்திருப்போமே, குளிர்காலத்தில் அதை அணைத்துவிடுங்கள். கண்ணாடி தெளிய வெளிக்காற்று வேண்டும், ஹீட்டரோடு ஏசியும் போட்டால் உதவும். ஏசி ஈரத்தை உறிஞ்சிவிடும்.

ஜூலையில் கார் பார்க்கப் போனாலும் பத்து நிமிடம் ஓட்டிவிட்டு ஹீட்டரை முழுச் சூட்டில் வையுங்கள். எல்லா வேகத்திலும், முகம், கால், கண்ணாடி என்று எல்லாத் திசையிலும் திருப்பிப் பாருங்கள். வேர்த்துக் கொட்டும். விற்பவர் ஒரு மாதிரி பார்ப்பார், பார்க்கட்டும்.