கரையான் மருந்துச் செலவை லிட்டரில் கணக்கிடுவது எப்படி?

வீடு கட்டத் தொடங்கும்போது கரையான் மருந்துக்கு விலை கேட்டால், சதுர அடிக்கு இவ்வளவு என்ற ஒற்றை எண்ணே பெரும்பாலும் விடையாகக் கிடைக்கிறது. அந்தப் பணத்துக்கு எத்தனை லிட்டர் கரைசல் மண்ணுக்குள் இறங்கும் என்பதை அந்த எண் சொல்வதில்லை. கரையானைத் தடுப்பதோ அந்தக் கரைசல்தான். ஆகவே முதலில் லிட்டரைக் கணக்கிட்டுக்கொண்டு, அதன் பிறகே ரூபாய்க்கு வருவது நல்லது.

இதற்கான அளவுகளை ஐ.எஸ். 6313 என்ற இந்தியத் தர விதியின் இரண்டாம் பகுதி வகுத்திருக்கிறது. பேஸ்மென்ட்டுக்குள், அதாவது தரைமட்டத்துக்கு மேல் வீட்டை உயர்த்தும் அடிப்பகுதிக்குள், கொட்டிக் கெட்டிப்படுத்திய மண்ணின் மேற்பரப்புக்குச் சதுர மீட்டருக்கு 5 லிட்டர் தேவை. அஸ்திவாரச் சுவரையும் பிளிந்த் பீமையும் (சுவர்களுக்கு அடியில் ஓடும் கான்கிரீட் உத்திரம்) ஒட்டி நிரப்பும் மண்ணுக்கும், சுவரும் தரையும் சேரும் மூலைக்கும், கட்டடத்தின் வெளிச்சுற்றுக்கும் செங்குத்துப் பரப்பில் சதுர மீட்டருக்கு 7.5 லிட்டர் தேவை. செங்கல் அல்லது கருங்கல் அஸ்திவாரமானால், தோண்டிய குழியின் அடியிலும் பக்கங்களில் 30 செ.மீ. உயரம் வரையிலும் சதுர மீட்டருக்கு 5 லிட்டர் தெளிக்க வேண்டும். கான்கிரீட் தூண்கள் மீது நிற்கும் வீட்டுக்குக் குழியின் அடியிலிருந்து தொடங்க வேண்டிய கட்டாயமில்லை. தரைமட்டத்துக்கு 50 செ.மீ. கீழிருந்து தொடங்கினால் போதும். நடைமுறையில் இது தலைகீழாக நடப்பதுண்டு: எல்லோரும் பார்க்கும் குழியில் தெளித்துவிட்டு, சுவரோரம் மண் நிரப்பும் நாளில் மருந்துக்காரர் வருவதே இல்லை.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்க்கலாம். 30 அடிக்கு 40 அடி வீடு ஏறத்தாழ 9 மீட்டருக்கு 12 மீட்டர், அதாவது 108 சதுர மீட்டர். தூண்கள் மீது நிற்கும் அந்த வீட்டின் பேஸ்மென்ட் உயரம் 60 செ.மீ., உட்சுவர்களின் மொத்த நீளம் 30 மீட்டர் என்று கொள்வோம். மேற்பரப்புக்கு 108 × 5 = 540 லிட்டர் ஆகிறது. தரைக்குக் கீழே 50 செ.மீ. ஆழத்துக்கு, 42 மீட்டர் வெளிச்சுவரின் இரு பக்கமும் உட்சுவர்களின் இரு பக்கமும் சேர்ந்து 72 சதுர மீட்டர்; அதற்கும் 540 லிட்டர். மூலைகளில், தரைமட்டம் வரை 15 செ.மீ.க்கு ஒரு துளை வீதம் கம்பியால் குத்தி ஊற்றுவதற்கு, வெளிச்சுவரின் உட்பக்கத்தையும் உட்சுவர்களின் இரு பக்கத்தையும் கூட்டினால் 102 மீட்டர் நீளமும் 60 செ.மீ. உயரமும் வருகின்றன, அதற்கு 459 லிட்டர். வெளிச்சுற்றில் 30 செ.மீ. ஆழத்துக்கு ஏறத்தாழ 95 லிட்டர். குழாய்கள் நுழையும் இடங்களையும் சேர்த்தால் மொத்தம் 1,650 லிட்டர் என்று வைத்துக்கொள்ளலாம்.

இந்த எண் முதலில் மலைப்பைத் தரும். 16 லிட்டர் கைத்தெளிப்பானில் இது நூறு தடவைக்கு மேல் நிரப்ப வேண்டிய அளவு. ஒரே ஒரு தெளிப்பானுடன் வந்து அரை மணி நேரத்தில் கிளம்புகிறவர் எதைத் தெளித்துவிட்டுப் போகிறார் என்பதை இதிலிருந்து நீங்களே ஊகிக்கலாம்.

இனி மருந்துக்கு வருவோம். குளோர்பைரிபாஸ் 20 விழுக்காட்டு மருந்தை 1 விழுக்காடாகக் கரைக்க, ஒரு பங்குக்கு 19 பங்கு தண்ணீர் சேர்க்க வேண்டும். மேற்சொன்ன வீட்டுக்கு 82 லிட்டருக்கு மேல் மருந்து பிடிக்கும். இமிடாகுளோப்ரிட் 30.5 விழுக்காட்டு மருந்து லிட்டர் தண்ணீருக்கு 2.1 மி.லி. போதும், அதில் மூன்றரை லிட்டரில் வேலை முடிந்துவிடும். லிட்டர் விலையை மட்டும் ஒப்பிட்டு முதலாவதை மலிவு என்று எண்ணுவது தவறு. கரைத்த பிறகு என்ன விலை ஆகிறது என்பதையே ஒப்பிட வேண்டும்.

கணக்குக்காக இமிடாகுளோப்ரிட் லிட்டர் 3,000 ரூபாய் என்று கொள்ளுங்கள்; உங்கள் ஊர் விலை கிடைத்ததும் மாற்றிக்கொள்ளலாம். மருந்து 10,500 ரூபாய். இரண்டு ஆட்கள் நான்கு முறை வருவதற்கு, ஆளுக்கு 900 வீதம், 7,200 ரூபாய். பம்பு, வண்டி வாடகைக்கு 2,000 ரூபாய். இந்த 19,700 ரூபாயுடன் 20 விழுக்காடு இலாபத்தைச் சேர்த்தால் 23,640 ரூபாய். பதிவு பெற்ற நிறுவனமாயின் 18 விழுக்காடு ஜி.எஸ்.டி.யும் சேர்ந்து ஏறத்தாழ 27,900 ரூபாய். சதுர அடிக்கு 23 ரூபாய்க்குச் சற்று மேல் வருகிறது. ஒருவர் சதுர அடிக்கு 7 ரூபாய்க்குச் செய்து தருவதாகச் சொன்னால், அந்த 8,400 ரூபாய் மருந்து வாங்கவே போதாது. அவர் எதைக் குறைக்கப் போகிறார் என்று கேட்பது உங்கள் உரிமை. மாடி கட்டுவதாயிருந்தால், மாடிப் பரப்பையும் சேர்த்து விலை சொல்கிறார்களா என்று பாருங்கள். மருந்து போவது மண்ணுக்குள் மட்டுமே என்பதால், தரைத்தளப் பரப்பைத் தவிர வேறெதையும் கணக்கில் சேர்க்கக் கூடாது.

செலவை இரட்டிப்பாக்கும் தவறுகளும் உண்டு. மழையிலோ ஈரமண்ணிலோ தெளித்தால் மருந்து உறிஞ்சப்படாது. தெளித்த மண்ணை, கழிவுநீர்க் குழாய் பதிக்க மறந்துவிட்டதென்று மறுபடி தோண்டினால், அந்த இடத்தில் தடுப்பு அறுந்துபோகும். திரும்பவும் தெளிக்க வேண்டும். எனவே குழாய் வேலையை முடித்து, மண்ணைத் தண்ணீர் விட்டுத் திம்சுக் கட்டையால் இடித்துக் கெட்டிப்படுத்திக் காயவிட்ட பின்பே மேற்பரப்பில் தெளித்து, தாமதிக்காமல் தரைக் கான்கிரீட் போடச் சொல்லுங்கள். மண்ணுக்குள் மரவேர், ஆப்பு, சாரத் துண்டு எதுவும் கிடக்கக் கூடாது. அவற்றை அகற்றுவதற்குச் செலவு ஒன்றுமில்லை. மனைக்குள் கிணறு இருந்தால், அதன் அருகில் தெளிப்பது பற்றிப் பொறியாளரிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

ஒப்பந்தத் தாளில் மருந்தின் பெயர், அதன் விழுக்காடு, மொத்த லிட்டர், எத்தனை முறை வருவார்கள் என்ற நான்கையும் எழுதி வாங்குங்கள். முத்திரையிட்ட டப்பாவை உங்கள் கண்முன்னே உடைத்து, 200 லிட்டர் டிரம்மில் கரைக்கச் சொன்னால் எண்ணுவது எளிது. பணத்தையும் அந்த லிட்டர் விகிதத்திலேயே தவணையாகக் கொடுங்கள்: மண் நிரப்பும்போது மூன்றில் ஒரு பங்கு, மேற்பரப்புக்கு மூன்றில் ஒரு பங்கு, மூலைகள் முடிந்ததும் மீதியில் பெரும்பகுதி. வெளிச்சுற்று வேலை கட்டடம் முடிந்து வெளிமண்ணைச் சமப்படுத்திய பிறகே வருகிறது. பல மாதம் கழித்து அதை யாரும் நினைவில் வைத்திருப்பதில்லை என்பதால், கடைசி ஆறு விழுக்காட்டை அதுவரை கையில் நிறுத்தி வையுங்கள்.